பி.எச்.பி. படியுங்கள், பூட்டுப் போடவும் படியுங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளை நினைத்துக் கொள்ளுங்கள். பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் டைப் செய்து என்டர் தட்டினால், அந்த மாணவரின் மதிப்பெண் பட்டியல் திரையில் வருகிறது. பக்கத்து வீட்டு மாணவர் தன்னுடைய எண்ணைக் கொடுத்தால் அவருடைய பட்டியல் வருகிறது. இப்படிப் பல லட்சம் மாணவர்களுக்கும் தனித்தனியாகப் பல லட்சம் பக்கங்களை யாராவது டைப் செய்து வைத்திருப்பார்களா? நிச்சயமாக இல்லை. நீங்கள் கேட்ட அந்த நொடியில்தான் உங்களுக்கான பக்கம் தயாராகிறது. இவ்வாறு கேட்டவுடன் தயாராகும் பக்கங்களை டைனமிக் வெப் பேஜ் என்கிறோம்.

இத்தகைய பக்கங்களை உருவாக்கப் பல மொழிகள் இருக்கின்றன. அவற்றில் எதை முதலில் கற்பது என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் போதெல்லாம் நான் தயங்காமல் பி.எச்.பி. என்றுதான் சொல்கிறேன். "அது பழைய மொழியாயிற்றே, செத்துப் போய்விட்டது என்கிறார்களே?" என்று உடனே எதிர்க்கேள்வி வருகிறது. சாகவில்லை, புதிதாகத் தொடங்குபவருக்கு இன்றும் அதுவே ஏற்றது என்பது என் கருத்து. கூடவே இன்னொன்றும் சொல்வேன். பாதுகாப்பை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கற்க விருப்பம் இல்லாதவர்கள் பி.எச்.பி.யைத் தொடவே வேண்டாம். இந்த இரண்டு கருத்துக்கும் காரணம் ஒன்றுதான். அது பி.எச்.பி.யின் எளிமை.

பாக்கெட் பிஸ்கட்டும் சுடச்சுட தோசையும்

வெறும் எச்.டி.எம்.எல். கொண்டு எழுதிய பக்கம் கடையில் விற்கும் பிஸ்கட் பாக்கெட் மாதிரி. யார் கேட்டாலும் அதே பாக்கெட்தான். டைனமிக் பக்கமோ ஓட்டலில் வார்க்கும் தோசை. உங்களுக்கு முறுகலாக வேண்டும், நண்பருக்கு வெங்காயம் போட்டு வேண்டும் என்றால், அதே மாவிலிருந்து இருவருக்கும் தனித்தனியாக வரும்.

தோசை எங்கே தயாராகிறது? சமையல் அறையில். இணையத்தில் அந்தச் சமையல் அறைதான் சர்வர். பி.எச்.பி. வேலை செய்வது அங்கேதான். அதனால்தான் இதனை சர்வர் சைட் ஸ்கிரிப்டிங் மொழி என்று அழைக்கிறோம். உங்கள் பிரவுசருக்கு வந்து சேர்வது தயாரான தோசை, அதாவது எச்.டி.எம்.எல். மட்டுமே. பக்கத்தின் மீது ரைட் கிளிக் செய்து அதன் மூலத்தைப் பார்த்தால் பி.எச்.பி. வரி ஒன்று கூடத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் பிரவுசரிலேயே இயங்கும்போது, அதன் வரிகள் உங்கள் கம்ப்யூட்டருக்கே வந்துவிடும். இதுதான் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு. (சர்வரில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டும் உண்டு. 2009ல் வந்த நோட்.ஜேஎஸ் அதற்கானது.)

சொந்தத் தேவைக்காகப் பிறந்த மொழி

பி.எச்.பி.யின் எளிமையைப் புரிந்து கொள்ள அது பிறந்த கதை உதவும். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்ற புரோகிராமர், தன் பயோடேட்டாவை இணையத்தில் போட்டிருந்தார். அதை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய 1994ல் சி மொழியில் சில சிறு புரோகிராம்களை எழுதினார். அவற்றுக்கு பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ் என்று பெயர் வைத்தார். 1995 ஜூனில் அவற்றை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்.

இஸ்ரேலில் கல்லூரி ப்ராஜெக்ட் ஒன்றுக்காக இதனைப் பயன்படுத்திய ஜீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ் ஆகிய இருவரும் இதன் அடித்தளத்தைத் திருத்தி எழுதினர். அதிலிருந்து 1998 ஜூனில் வந்ததுதான் பி.எச்.பி. 3. அப்போதுதான் இது முழுமையான மொழியாக மாறியது. பெயரின் விரிவும் ஹைபர்டெக்ஸ்ட் ப்ரீபிராசஸர் என்று ஆனது.

ஆக, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திட்டம் போட்டு வடிவமைத்த மொழி அல்ல இது. ஒருவர் தன் பக்கத்துக்கு வேண்டும் என்று எழுதியது. பிறகு பலர் கை வைத்துக் கட்டியது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தேவைக்கேற்ப ஒரு அறை, ஒரு தாழ்வாரம் என்று கூட்டிக் கொண்டே போவார்களே, அப்படி. வீட்டில் குடியிருப்பது சுகம். ஆனால் எந்த அறையில் எந்த ஸ்விட்ச் என்று சில நேரம் தேட வேண்டியிருக்கும். பி.எச்.பி.யின் பங்ஷன் பெயர்களில் சீர் இல்லை என்று இன்றும் குறை சொல்கிறார்கள். அது நியாயமான குறைதான்.

இரண்டே வரியில் ஒரு புரோகிராம்

எளிமை, எளிமை என்று சொல்கிறேனே, பாருங்கள்:

துவரம் பருப்பு ஒரு கிலோ <?= $விலை = 160 ?> ரூபாய்.
மூன்று கிலோ வாங்கினால் <?= $விலை * 3 ?> ரூபாய்.

இது ஒரு முழுமையான பி.எச்.பி. புரோகிராம். பிரவுசரில் திறந்தால் ஒரு கிலோ 160 ரூபாய் என்றும், மூன்று கிலோ 480 ரூபாய் என்றும் தெரியும். விலை ஏறினால் 160 என்பதை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவது தொகை தானாக மாறிவிடும்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, சாதாரண வாக்கியத்தின் நடுவிலேயே பி.எச்.பி. வந்து உட்கார்ந்து கொள்கிறது. கோணக் குறிக்கும் கேள்விக்குறிக்கும் இடையில் இருப்பதை மட்டும் சர்வர் கணக்கிடும். மற்றதை அப்படியே அனுப்பிவிடும். இரண்டாவது, வேரியபிள் எனப்படும் மதிப்புப் பெட்டிகளின் பெயர் டாலர் குறியுடன் தொடங்கும். மூன்றாவது நமக்கு இனிப்பான செய்தி. அந்தப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பலர் சேர்ந்து செய்யும் வேலைகளில் ஆங்கிலப் பெயர்களே வசதி என்றாலும், வீட்டில் கற்றுக் கொள்ளும்போது தமிழில் எழுதிப் பார்க்கத் தடை ஏதும் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரே சர்வர்

இதனை முயற்சித்துப் பார்க்கப் பணம் கட்டி இணையத்தில் இடம் வாங்கத் தேவையில்லை. அப்பாச்சி பிரண்ட்ஸ் தளத்தில் கிடைக்கும் எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். அப்பாச்சி என்ற வெப் சர்வர், மரியா டி.பி. என்ற டேட்டாபேஸ், பி.எச்.பி. ஆகியவை ஒன்றாகவே வந்துவிடும். அதன் கன்ட்ரோல் பேனலைத் திறந்து அப்பாச்சிக்கு எதிரே உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். இயங்கவில்லை என்றால், வேறு ஏதோ ஒரு புரோகிராம் 80ஆம் எண் போர்ட்டைப் பிடித்துக் கொண்டிருக்கலாம்.

மேலே கண்ட இரண்டு வரிகளை நோட்பேடில் டைப் செய்து, எக்ஸாம்ப் போல்டருக்குள் இருக்கும் எச்டிடாக்ஸ் என்ற போல்டரில் சேவ் செய்யுங்கள். பைலின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் வைத்து, ஒரு புள்ளி இட்டு, பி.எச்.பி. என்ற மூன்று எழுத்துக்களையும் சேருங்கள். சேவ் செய்யும்போது பைல் வகை என்ற இடத்தில் ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் நோட்பேட் தன் வழக்கப்படி டெக்ஸ்ட் பைலாக்கிவிடும்.

புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்து போகிறார்கள். பைல் மீது டபுள் கிளிக் செய்து, விடை வரவில்லையே என்பார்கள். பி.எச்.பி. பைல் சர்வர் வழியாக வந்தால்தான் கணக்கிடப்படும். எனவே பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று டைப் செய்து, சாய்வுக் கோடு போட்டு, பைலின் பெயரைத் தாருங்கள். விடை வந்துவிடும். எக்ஸாம்ப் உங்கள் கம்ப்யூட்டரில் கற்றுப் பார்க்க மட்டுமே. அதன் டேட்டாபேஸுக்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்ட் கூடக் கிடையாது. எனவே அதை அப்படியே இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

செத்துப் போன மொழியா?

2001ல் தொடங்கிய விக்கிபீடியா, 2002 ஜனவரியில் பி.எச்.பி.யில் எழுதிய மென்பொருளுக்கு மாறியது. இன்று நாம் படிக்கும் தமிழ் விக்கிபீடியாவும் பி.எச்.பி.யில் எழுதப்பட்ட மீடியாவிக்கியில்தான் இயங்குகிறது. 2003ல் வந்த வேர்ட்பிரஸ் முழுக்க பி.எச்.பி. அடிப்படையிலானது. 2004ல் தொடங்கிய பேஸ்புக்கும் பி.எச்.பி.யில்தான் எழுதப்பட்டது. பிறகு கூட்டம் பெருகிவிட, 2014ல் பி.எச்.பி.யைத் தழுவி ஹேக் என்ற மொழியை அந்நிறுவனம் வெளியிட்டது. எந்த சர்வர் மொழியில் இயங்குகின்றன என்று கண்டறிய முடிந்த தளங்களில் பத்தில் ஏழுக்கு மேல் பி.எச்.பி.யில் இயங்குவதாக டபிள்யூ3டெக்ஸ் தளத்தின் கணக்கெடுப்பு காட்டுகிறது. செத்த மொழிக்கு இத்தனை வேலை இருக்காது.

மொழியும் நின்றுவிடவில்லை. பி.எச்.பி. 6 முயற்சி பாதியில் கைவிடப்பட்டது உண்மைதான். ஆனால் 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7 பல வேலைகளில் ஏறக்குறைய இரு மடங்கு வேகம் காட்டியது. 2020 நவம்பரில் வந்த பி.எச்.பி. 8 பழைய கோளாறுகள் சிலவற்றைச் சரி செய்தது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 0 என்ற எண்ணும் "தமிழ்" என்ற சொல்லும் சமமா என்று இரண்டு சமக்குறி போட்டுக் கேட்டால், பழைய பதிப்புகள் ஆம் என்று சொல்லும்! பி.எச்.பி. 8 இல்லை என்று சரியாகச் சொல்கிறது.

செயற்கை நுண்ணறிவு, புள்ளிவிவர ஆய்வு போன்றவைதான் உங்கள் இலக்கு என்றால் பைத்தான் படியுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் சொந்தமாக ஒரு தளம், அதில் தினமும் மாறும் தகவல்கள் என்பது உங்கள் ஆசை என்றால், பி.எச்.பி. அளவுக்குக் குறைந்த செலவில், குறைந்த முன்னேற்பாட்டில் தொடங்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு பைல் போதும். குறைந்த கட்டண ஹோஸ்டிங் திட்டங்களில் கூட பி.எச்.பி. தயாராகவே இருக்கும்.

எளிமையின் மறுபக்கம்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பி.எச்.பி.யின் பழைய பதிப்புகளில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்றொரு வசதி இருந்தது. பார்வையாளர் படிவத்தில் எதை நிரப்பினாலும், முகவரியில் எதைச் சேர்த்தாலும், அது தானாகவே அதே பெயருள்ள வேரியபிளாக மாறிவிடும். புதியவர்களுக்கு மிக எளிது. திருடர்களுக்கும்தான்! புரோகிராமில் $நிர்வாகி என்ற வேரியபிளுக்குத் தொடக்க மதிப்பு தராமல் விட்டிருந்தால், வருகிறவர் முகவரியின் இறுதியில் நிர்வாகி=1 என்று சேர்த்துவிட்டு உள்ளே நுழைந்துவிடலாம். 2002ல் வந்த 4.2 பதிப்பில் இந்த வசதி இயங்காத நிலையில் தரப்பட்டது. ஆனால் 2012ல் வந்த 5.4 பதிப்பில்தான் அடியோடு நீக்கப்பட்டது. ஒரு வசதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறப் பத்து ஆண்டுகள்.

அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. ஆனால் வேறு கதவுகளை நாமே திறந்து வைக்கிறோம். கடை முதலாளி, "கீழே பெயர் உள்ளவருக்கு 500 ரூபாய் கொடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, பெயருக்கு மட்டும் இடம் விட்டுச் சீட்டைத் தருகிறார் என்று வையுங்கள். வாங்கியவர் அந்த இடத்தில், "முருகன், மற்றும் பெட்டியில் உள்ளது அனைத்தையும்" என்று எழுதி நீட்டினால், கணக்குப்பிள்ளை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில், பார்வையாளர் டைப் செய்ததை அப்படியே ஒட்டி அனுப்பினால் இதுதான் நடக்கும். இதற்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்று பெயர். தேடும் கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியையும் சில சொற்களையும் டைப் செய்து, மொத்த வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துவிட முடியும்.

இன்னொரு கதவு, பார்வையாளர் எழுதியதை அப்படியே பக்கத்தில் காட்டுவது. கருத்துப் பெட்டியில் ஒருவர் கருத்துக்குப் பதில் ஜாவாஸ்கிரிப்ட் வரிகளை எழுதி வைத்தால், அடுத்து வருபவரின் பிரவுசரில் அது இயங்கும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சேமி கம்கார் என்ற இளைஞர் இப்படி எழுதி வைத்த சில வரிகள், ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பக்கங்களுக்குப் பரவின. அது பி.எச்.பி. தளம் அல்ல. எனவே ஆபத்து எல்லா மொழியிலும் உண்டு. ஆனால் பி.எச்.பி.யில் ஒரு மணி நேரத்தில் தளம் போட்டுவிடலாம் என்பதால், பூட்டைப் பற்றி யோசிக்கும் முன்பே கடையைத் திறந்து விடுகிறோம்.

முதல் நாள் கற்க வேண்டிய பூட்டுகள்

1. டேட்டாபேஸுடன் பேசும்போது பி.டி.ஓ. மூலம் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் மட்டுமே பயன்படுத்துங்கள். இதில் கட்டளை தனியாகவும் பார்வையாளர் தந்த தகவல் தனியாகவும் போகும். சீட்டில் என்ன எழுதினாலும் அது பெயராக மட்டுமே படிக்கப்படும்.

2. பிறர் எழுதியதைத் திரையில் காட்டும் முன் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற பங்ஷன் வழியாக அனுப்புங்கள். கோணக் குறிகள் வெறும் எழுத்தாகக் காட்டப்படும்; கட்டளையாக இயங்காது.

3. பாஸ்வேர்டை அப்படியே சேமித்து வைக்காதீர்கள். பாஸ்வேர்ட் ஹேஷ் என்ற பங்ஷன் 2013ல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. உங்கள் டேட்டாபேஸ் திருடு போனாலும் பாஸ்வேர்டுகளைக் கண்டுபிடிப்பது மிகக் கடினமாகிவிடும்.

4. பதிப்பைப் புதுப்பித்துக் கொண்டே இருங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் இப்போது நான்கு ஆண்டுகள்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரோடு அது முடிந்துவிட்டது.

ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் வாங்கும் புத்தகமோ, பார்க்கும் வீடியோவோ மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்ற பங்ஷனைக் கொண்டு டேட்டாபேஸைத் திறக்கச் சொன்னால், உடனே மூடி வைத்துவிடுங்கள். அந்த வரிசையைச் சேர்ந்த பங்ஷன்கள் பி.எச்.பி. 7லேயே நீக்கப்பட்டுவிட்டன. பழைய பாடம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

தமிழில் தளம் போடுவோருக்கு

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். பி.எச்.பி.யின் ஸ்டர்லென் என்ற பங்ஷனைக் கேட்டால் 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுகிறது. யூனிகோட் யு.டி.எப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். எம்பி ஸ்டர்லென் என்ற பங்ஷனைக் கேட்டால் 5 என்று வரும். இகரக் கொக்கியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. நாம் எண்ணுவது போல் 3 என்று சொல்வது கிராஃபீம் ஸ்டர்லென். இதற்கான கூடுதல் இணைப்பை முதலில் இயக்கிக் கொள்ள வேண்டும். செய்தித் தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டிக் காட்டு என்று பைட் கணக்கில் எழுதினால், எழுத்தின் பாதியில் வெட்டுப்பட்டுக் கடைசியில் கேள்விக்குறி தோன்றும். டேட்டாபேஸிலும் யு.டி.எப்.8 எம்.பி.4 முறையைத் தேர்ந்தெடுத்து விடுங்கள்.

ஏ.ஐ. எழுதித் தருமே?

கேட்டால் தரும். நானும் அலுவலகத்தில் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுதித் தந்ததில் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், தளம் செய்து கொடுத்தவரின் தொலைபேசி எண் மாறிவிட்டதால் இரண்டு தீபாவளிக்குப் பழைய விலைப்பட்டியலையே காட்டிக் கொண்டிருந்தார். பாஸ்வேர்டுகளும் அந்த ஆளிடமே இருந்தன. விலை எந்த பைலில் இருக்கிறது, டேட்டாபேஸை எப்படி பேக்கப் எடுப்பது என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் கூடப் போதும். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

எல்லாரும் புரோகிராமர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பியூஸ் போனால் போடத் தெரிந்திருப்பது போல, சொந்தத் தளம் வைத்திருப்பவருக்கு இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸாம்பை இன்ஸ்டால் செய்து அந்தப் பருப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த ஞாயிறு ஒரு படிவம் எழுதுங்கள். ஆனால் படிவத்தை எழுதும் அன்றே முதல் இரண்டு பூட்டுகளையும் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு யாராவது பி.எச்.பி. செத்துவிட்டது என்றால், உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.